பல்லால் பார்த்த ஈரம்

சென்ற மாதம் எங்கள் பழைய விற்பனைச் சங்கத்திலிருந்து ஒரு தம்பி வீடு தேடி வந்தார். தானியத்தின் ஈரம் பார்க்கப் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். ஒரு கைப்பிடி சோளத்தை அதற்குள் போட்டால், ஈரம் எவ்வளவு என்று எண்ணில் காட்டிவிடுமாம். நான் வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். போனேன். டிபன் டப்பா அளவில் அடக்கமாக இருந்தது. இருமவில்லை, தும்மவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. நல்ல ஊழியர்தான்.

"ஒங்க காலத்துல எதை வச்சு சார் பாத்தீங்க?" என்று அங்கிருந்த இன்னொரு தம்பி கேட்டார். நான் வாயைத் திறந்து காட்டினேன். உள்ளே இருப்பது பல்செட். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து அவருக்கு விளக்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் போடியில் இருந்த அந்தச் சங்கத்தில் தரம் பார்ப்பவனாகச் சேர்ந்தேன். அதற்கு முன் மதுரையில் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். எடைக்கல் வகைகள், பதிவேடு எழுதும் முறை, கூட்டுறவின் தத்துவம் என்று மூன்று பாடங்கள். தத்துவ ஆசிரியர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வகுப்பெடுப்பார். அதனால் தத்துவத்தில் நான் இன்றைக்கும் கொஞ்சம் பலவீனம். சோளத்தைக் கடிக்க அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் செயலாளர் அருணாசலம்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், சைக்கிளில் வந்தால் சைக்கிள்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் எங்களை "வே" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "நீர்" என்றால் லேசான கோபம். "தாங்கள்" என்று சொல்லி, கூஜாவிலிருந்து தன் கையால் ஒரு தம்ளர் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தால், அந்த வாரம் முழுக்க யாரும் லீவு கேட்கக் கூடாது என்பது ஆபீஸில் எழுதாத சட்டம்.

மூட்டை பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் செருப்பைக் கழற்றுவார். மூட்டையின் வாயைப் பிரித்துச் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, முழங்கை முங்கும் வரை கையை உள்ளே விடுவார். காய்ந்த சோளம் வழுக்கிக்கொண்டு வழிவிடும். ஈரச் சோளம் குளிர்ச்சியாகக் கையைப் பிடிக்கும். வாய், வயிறு, அடி என்று மூன்று இடத்தில் அள்ளிச் சுளகில் தனித்தனியாகப் போடுவார். பிறகு இடத்துக்கு இரண்டு மணி எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்து மாவானால் அது காய்ந்தது. பல்லில் பதிந்து ஒட்டினால் ஈரம். ஒட்டுவதோடு மண்வாடையும் அடித்தால் அது குழிச்சோளம். அந்தக் காலத்தில் பலர் தரைக்குள் பானை மாதிரிக் குழி வெட்டிச் சோளத்தைக் கொட்டி மூடி வைப்பார்கள். நடுவில் இருப்பது பொன்னாக இருக்கும். அடியிலும் ஓரத்திலும் இருப்பது ஈரம் வாங்கி நாறும்.

"கண்ணு பொய் சொல்லும் வே. கையும் சமயத்துல பொய் சொல்லும். பல்லு சொல்லாது" என்பார். சங்கத் தலைவரின் மூட்டையையும் அப்படித்தான் கடித்தார். தலைவர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த வருடம்தான் போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊரில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. போடிமெட்டுக்குப் போகும் வழியில், மலைச்சரிவில் இருந்த ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலையாட்களுக்கு மழைக்காலம் முழுவதற்கும் சோளம் தேவைப்பட்டது. மழை பிடித்துவிட்டால் மேலே லோடு ஏற்றுவது பெரும்பாடு என்பதால், வைகாசியிலேயே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள நினைத்தார்கள். மொத்தமாகக் கொடுக்க ஊர் ஒன்றாக நின்று சங்கத்தின் மூலம் விற்க வேண்டும். ஆனால் சிலமலைக்காரர்கள் ஆளாளுக்குப் போடி மண்டியில் விற்றே பழகியவர்கள்.

மண்டியில் விற்பதில் ஒரு சுகம் இருந்தது. வியாபாரி காப்பி வாங்கிக் கொடுப்பார். பிறகு துண்டை விரித்து, அதன் அடியில் இருவரும் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். "ஒனக்கு மட்டுந்தான் இந்த வெல, வெளிய சொல்லிராத" என்று வியாபாரி காதோடு சொல்வார். ஊரில் அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் நல்ல விலை கிடைத்தது என்ற சந்தோஷத்தோடு வண்டியேறி வருவார்கள். சந்தோஷத்தில் பங்கு கேட்க ஆளில்லை.

பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம் போட்டோம். எனக்கு அது சொந்த ஊர் மாதிரிதான். என் தாய்மாமா முத்தையா அந்த ஊர்க்காரர். அவர் மகள் செல்லத்தை எனக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. அதனால் கூட்டத்தில் எனக்கு மட்டும் மோர் வந்தது.

சேர்ந்து விற்றால் தோட்டத்துக்காரரிடம் விலையை நாம் சொல்லலாம் என்று ஒரு கட்சி. "நாலு வெயில் போட்டவன் சோளத்துக்கும் நனைஞ்சவன் சோளத்துக்கும் ஒரே வெலையா?" என்று எதிர்க்கட்சி. மூன்று மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் செயலாளர் எழுந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். போன வருடம் மண்டியில் பிடித்த விரல்களை எல்லோரும் ஒரே சமயத்தில் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஆண்கள் அத்தனை பேரும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள்.

தூக்கியது ஒரே கைதான். பேச்சியம்மாளுடையது. கணவர் இல்லாமல் தனியாக விவசாயம் பார்த்தவர். காட்டை ஒட்டி அவருக்கு ஒரு பாறை உண்டு. அதில் நாலு வெயில் காயாமல் ஒரு மணி சோளத்தையும் மூட்டை கட்டமாட்டார். அவர் காட்டிய விரல்களைப் பார்த்ததும் மற்றவர்களின் முகம் தொங்கிப்போனது. அவ்வளவு விலை யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

அப்படியானால் அவர் சங்கத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவருக்கு மண்டிமேல் ஒரு கோபம் இருந்தது. வியாபாரி கண்டவர்களின் ஈரச் சோளத்தையும் 'சிலமலை பேச்சியம்மா சோளம்' என்று சொல்லி விற்றதாகக் கேள்விப்பட்டிருந்தார். வாங்கியவர் ஒருவர் சந்தையில் இவரிடமே வந்து, "ஒன் சோளம் நாறுதே ஆத்தா" என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"வர்றேன். ஆனா ஒவ்வொரு மூட்டையையும் கைவிட்டுப் பாத்துட்டுத்தான் சேக்கணும். எஞ் சோளம் நிக்கிற எடத்துல நாத்தச் சோளம் நிக்கக் கூடாது. இதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

செயலாளர் என்னைக் கை காட்டினார். நான் எழுந்து நின்று தலையாட்டினேன். பேச்சியம்மாள் சேர்ந்ததும் ஊரே சேர்ந்தது.

வைகாசியில் வண்டிகள் வந்தன. முதல் இரண்டு நாள் நான் ஒரு மூட்டையையும் விடவில்லை. பேச்சியம்மாளின் பதினொரு மூட்டைகளையும் கடித்தேன். ஒவ்வொன்றும் வெடிச் சத்தம். மூன்றாம் நாள் செயலாளர் மதுரைக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து மாமா ஒன்பது மூட்டைகளோடு வந்தார்.

முதல் மூட்டையைப் பிரித்தேன். சட்டைக் கையைச் சுருட்டப் போனேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் கொடுக்கப் போகிறவர். அவர் மூட்டைக்குள் முழங்கை வரை கைவிடுவது, அவர் வீட்டுப் பெட்டியைத் துழாவுவது மாதிரி எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மூட்டையின் வாயிலிருந்து மட்டும் நாலு மணி எடுத்துக் கடித்தேன். நன்றாகவே உடைந்தது. "மத்ததும் இதே மாதிரிதான் மாப்ளே" என்றார். "சரிங்க மாமா" என்றேன். ஒன்பது மூட்டைகளும் சங்கத்துச் சணலால் தைக்கப்பட்டு, காவியில் அவர் குறி போடப்பட்டு, மற்றவற்றோடு அடுக்கப்பட்டன.

மொத்தம் நாற்பத்தாறு மூட்டைகள். லாரியில் மெட்டு வரைக்கும், அங்கிருந்து தோட்டத்துக்குக் கழுதைப் பொதி. அந்த வருடம் மழை அவசரப்பட்டு முன்னாலேயே வந்து, வழியில் சாக்குகளை நனைத்துவிட்டது. காய்ந்த சோளம் அதைத் தாங்கிக்கொண்டது. ஏற்கெனவே உள்ளே ஈரம் இருந்த மூட்டைகள் சூடேறிப் புளித்துவிட்டன. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கைவிட்ட முதல் மூட்டையே அப்படிப்பட்டது. மோந்து பார்த்துவிட்டு, "இது வேண்டா கேட்டோ. ஒக்கே திரிச்சுக் கொண்டு போ" என்று பாதி மலையாளத்தில் சொல்லி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். லோடு போடிக்கே வந்து சேர்ந்தது. மழையில் காவிக் குறிகள் அழிந்து, நாற்பத்தாறும் ஒரே மாதிரி நின்றன.

நான் செயலாளர் அறைக்குப் போய், மாமாவின் மூட்டைகளில் கைவிட்டுப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கூஜாவை எடுத்தார். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தார். எனக்கு அங்கேயே காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது.

"தாங்கள் இதை என்னிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. நாளைக்கு முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் தங்கள் பல் சொல்லட்டும்" என்றார்.

மறுநாள் காலை சிலமலையே சங்கத்து முற்றத்தில் நின்றது. பேச்சியம்மாள் முன்னால் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்குக் காசும் வேணாம், வேற எவஞ் சோளமும் வேணாம். எம் பாறையில காஞ்ச பதினோரு மூட்டை எனக்கு வேணும். எடுத்துக் குடு" என்றார்.

எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்றால் பேச்சியம்மாள் சோளம் நாறியது என்ற பேச்சு இந்தத் தடவை மலை வரைக்கும் போய்விடும். அவர் மண்டிக்கே திரும்புவார். அவர் பின்னால் ஊர் முழுவதும் போகும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமா சுவரோரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

சட்டைக் கையைச் சுருட்டினேன். எங்கள் பக்கத்தில் எண்ணும்போது முதல் எண்ணை 'ஒன்று' என்று சொல்லமாட்டோம், 'லாபம்' என்போம். பழக்கதோஷத்தில் முதல் மூட்டைக்கு "லாபம்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வாய், வயிறு, அடி. இடத்துக்கு இரண்டு மணி. காய்ந்தது. இரண்டாவதும் காய்ந்தது. மூன்றாவது மூட்டையின் வயிற்றில் கைவிட்டதும் சோளம் கதகதவென்று விரலைப் பிடித்தது. கடித்தேன். பல்லில் ஒட்டியது. மண்வாடை மூக்குக்கு ஏறியது.

"ஈரம்" என்றேன்.

யாருடையது என்று கூட்டத்தில் கேட்டார்கள். மற்ற எல்லாருடைய மூட்டைகளிலும் நான் கைவிட்டுப் பார்த்திருந்தேன், பார்க்காமல் விட்டது மாமாவுடையதை மட்டும்தான். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன். "எங்க மாமா மூட்டை. வாங்குன அன்னிக்கு நான் கைவிட்டுப் பாக்கல. தப்பு என்னோடது."

செல்லம் எனக்கு இல்லை என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். மாமா சுவரை விட்டு வந்தார். அந்த மூட்டையைத் தானே முதுகில் ஏற்றி ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். அடுத்த ஈர மூட்டையையும் அவரே தூக்கினார். ஒன்பதாவதைத் தூக்கி வைத்துவிட்டு, "மண்டிக்குக் கட்டுற மாதிரிக் கட்டிட்டேன். வாயில நல்லதும் வயித்துல குழியடியும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். ஊரில் பாதிப் பேர் மண்டிக்கு அப்படிக் கட்டியவர்கள்தான். அவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

இன்னொரு பக்கம் பேச்சியம்மாள் எனக்குப் பின்னாலேயே வந்தார். நான் காய்ந்தது என்று சொன்ன மூட்டைகளில் அவரும் இரண்டு மணி எடுத்துக் கடித்தார். தன்னுடையது என்றால் சேலைத்தலைப்பால் தூசி தட்டித் தனியாக வைக்கச் சொன்னார். எனக்கு அவர் சோளமும் மற்றவர்களின் காய்ந்த சோளமும் ஒரே மாதிரி 'டக்'தான். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ. மதியத்துக்குள் என் தாடை வீங்கிவிட்டது. செயலாளர் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைத்து, "கொப்புளிச்சுட்டு மேல பாக்கலாம் வே" என்றார். அந்த 'வே'யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் பதினொரு மூட்டைகளும் கிடைத்துவிட்டன. பேச்சியம்மாள் அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டார். சங்கத்துக்குக் கொடுக்கவில்லை. புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்குக் கடிச்சது பெருசில்ல அப்பு. மாட்டிக்கிட்டா எவனும் கடிப்பான். பொண்ணக் கட்டுனதுக்கப்புறம் மாமனார் மூட்டையக் கடிக்கிறியான்னு பாக்கணும். பாத்துட்டு வர்றேன்" என்றார்.

மிச்சமிருந்த இருபத்தாறு மூட்டைகளைச் செயலாளரே கூடப் போய்த் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். சங்கத்துக்கு மானம் போகவில்லை. ஆனால் ஊர் மனது இரண்டாகத்தான் நின்றது. பேச்சியம்மாள் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கே ஆச்சரியம்தான். மாமா சடங்குக்கு வேண்டியதைத் தவிர என்னிடம் வேறு வார்த்தை பேசவில்லை. செல்லம் மட்டும் முதல் வாரத்திலேயே, "எங்கப்பா சோளந்தான் ஒங்க பல்லுக்கு அகப்பட்டுச்சா?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை.

அடுத்த வைகாசி. வண்டிகள் வரிசையில் நின்றன. என் மாமனார் ஏழு மூட்டைகளோடு வந்தார். அவருக்குப் பின்னால் பேச்சியம்மாளின் வண்டி. மாட்டை அவிழ்க்கவில்லை, மூட்டையை இறக்கவில்லை. அவர் மட்டும் இறங்கி வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றார். ஊர்க்காரர்களும் வேலை இருக்கிற மாதிரி சுற்றி நின்றார்கள்.

முழங்கை வரை கைவிட்டேன். முதல் ஐந்து மூட்டைகளின் சோளமும் கணீரென்று உடைந்தது. எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. ஆறாவது மூட்டையின் அடியில் கை குளிர்ந்தது. கடித்தேன். ஒட்டியது. ஏழாவது காய்ந்தே இருந்தது. ஈரம் ஒரே ஒரு மூட்டைதான். விட்டால் யாருக்கும் தெரியாது என்று மனது சொல்லத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"இது ஈரம். வாங்க முடியாது மாமா" என்றேன்.

"சரி மாப்ளே" என்று சொல்லிவிட்டு மாமனார் அந்த மூட்டையைத் தூக்கித் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டார். பேச்சியம்மாள் திரும்பி வண்டிக்காரரிடம், "மாட்ட அவுத்துட்டு மூட்டைய எறக்கு, வெரசா" என்றார். பிறகு என்னிடம், "எனக்கும் முழங்கை வரைக்கும்" என்றார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை சிலமலைச் சோளம் மண்டிப் பக்கம் போகவில்லை.

இந்தக் கதையை முப்பது வருடத்துக்கு மேலாகப் புதிதாகச் சேர்ந்த எல்லாப் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறேன். மாமனார் என்றும் பாராமல் மூட்டையைத் தள்ளியவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு. அந்தப் பெருமையோடுதான் இதுவரை எழுதியதை நேற்றுச் செல்லத்திடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "அந்த ஆறாவது மூட்டை தெரியாம வந்துச்சுன்னா எழுதியிருக்கீங்க?" என்றாள்.

வேறு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"வளைகாப்புக்கு அப்ப நான் அங்கதான இருந்தேன். எல்லாத்தையும் நல்லாக் காயப் போட்டுட்டு, அந்த ஒண்ணுல மட்டும் எங்கப்பா குழியடியில கெடந்தத அள்ளிப் போட்டாரு. ஏன்ப்பான்னு கேட்டேன். 'பேச்சி வந்து பாக்கப் போறா. அம்புட்டும் காஞ்சிருந்தா மாப்ள எதைத் தள்ளிக் காட்டுவாரு?'ன்னாரு."

அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவருக்கு ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. இதை ஏன் இத்தனை காலம் என்னிடம் மறைத்தாய் என்று செல்லத்தைக் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'தெரிஞ்சா, அடுத்த வருசம் எம் மூட்டையக் கடிக்க அவருக்குப் பல்லு கூசும்'னாரு" என்றாள். பிறகு கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "இப்பத்தான் ஒங்களுக்குப் பல்லே இல்லையே."